இட்லி கல்லாச்சு, தோசை ஒட்டுது, டிகாக்ஷன் இறங்கல: காலைப் பலகாரம் சொதப்பினா எங்க பார்க்கணும்

இது ரெசிபி இல்லங்க. அரிசி நாலுக்கு உளுந்து ஒண்ணு, ஒரு ஸ்பூன் வெந்தயம், அதெல்லாம் காவிரி டெல்டாவுல பொறந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆனா அதே அளவு, அதே கிரைண்டர், அதே கை, சித்திரையில நல்லா வந்த இட்லி ஐப்பசியில தட்டையா வந்து நிக்குது, அப்ப என்ன பண்றதுன்னு தான் யாரும் எழுதுறதில்ல. உடனே கைராசி இல்லம்பாங்க, கண்ணு பட்டுச்சும்பாங்க, மாமியார் வேற பக்கத்துல இருந்தா கேக்கவே வேண்டாம்.

என் கணக்கு ஒண்ணுதான், கையைக் குறை சொல்றதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க. நம்ம பக்கம் உளுந்து எப்ப வருது? சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, வயல்ல ஈரம் காயறதுக்குள்ள, நின்ன பயிருக்குள்ளயே உளுந்தைத் தெளிச்சு விட்டுருவாங்க, நெல்லு அறுத்து முடிச்சதும் அந்த மிச்ச ஈரத்துலயும் பனியிலயும் அது வளர்ந்து பங்குனி சித்திரையில கைக்கு வந்துரும். அப்ப வாங்குற உளுந்து புதுசு. அதையே டின்ல போட்டு வச்சு ஐப்பசியில அரைச்சா அது ஆறேழு மாசப் பழசு, போதாததுக்கு வெளிய மழை, குளிர். அரிசியும் அப்படித்தான், மேட்டூர் அணையை ஜூன் 12 தொறந்தா குறுவை நெல்லு புரட்டாசி ஐப்பசியில வரும், சம்பா தை மாசியில வரும், கடைக்காரர் எந்த மூட்டையைப் பிரிச்சாருன்னு நமக்குத் தெரியாது.

அதனால எதுல கோளாறு வந்தாலும் மொதல்ல நாலு விஷயம் கேட்டுக்கோங்க. அரிசி புதுசா பழசா, உளுந்து எப்ப வாங்கினது, ராத்திரி எவ்ளோ சூடு இருந்துச்சு, தண்ணி எந்தத் தண்ணி. இதுல முக்கால்வாசி விடை கிடைச்சுரும். மீதி கால்வாசிக்கு கீழ படிங்க.

மாவு பொங்கவே இல்ல, ராத்திரி வச்ச மட்டத்துலயே நிக்குது

கார்த்திகை மார்கழின்னா பயப்பட வேண்டாம், மாவு கெடல, இன்னும் நேரம் ஆகலை அவ்ளோதான். மாவுக்கு 30 டிகிரி ஒட்டி இருந்தா சொகமா இருக்கும், தஞ்சாவூர் பக்கம் மார்கழி ராத்திரி 20, 21க்கு எறங்குது, சித்திரையில ஆறு மணி நேரத்துல பொங்குற மாவு இப்ப பன்னெண்டு பதினாலு மணி நேரம் கேக்கும். ராத்திரி பத்து மணிக்கு அரைச்சு வச்சுட்டு காலையில ஆறு மணிக்கு தொறந்து பார்த்து அழக்கூடாது. மத்தியானமே அரைச்சு வைங்க.

அவசரம்னா ஒரு அகலமான குண்டான்ல கை பொறுக்குற சூட்டுல வெந்நீர் ஊத்தி மாவுப் பாத்திரத்தை அதுக்குள்ள எறக்கி வச்சு மேல ஒரு பழைய போர்வையைச் சுத்திடுங்க. எங்க அப்பாயி இருந்தவரைக்கும் ராச்சோறு ஆக்கி முடிச்ச அடுப்பு மேட்டுல, சாம்பல் சூடு இருக்கும்போதே மாவுச் சட்டியைத் தூக்கி வச்சுரும், கேஸ் அடுப்புக்கு அந்த வசதி இல்ல. ப்ரிட்ஜ் மேல, அதோட பின்பக்கத்து ஓரமா வச்சாலும் லேசா கதகதப்பு கிடைக்கும்.

உப்பு எப்ப போடுறதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. உப்பு கூடினா புளிப்பு மெதுவாகும், அதை மனசுல வச்சுக்கிட்டா போதும், கோடையில அரைச்ச உடனே போட்டுக் கரைங்க, குளிர்காலத்துல கொஞ்சமா போட்டுட்டு மீதியை காலையில சேருங்க. கையால கரைச்சாதான் பொங்கும்னு சொல்றதுல கொஞ்சம் நெசம் இருக்கலாம், ஆனா பொங்க வைக்கிற பாக்டீரியா (லியூகோனாஸ்டாக்னு ஒண்ணு, அதுதான் முக்கியமானது) பெரும்பாலும் உளுந்தோட கூடவே வருது, அதனால கரண்டியால கரைச்ச மாவும் பொங்கத்தான் செய்யும், சந்தேகமே வேண்டாம்.

கோடையிலயும் பொங்கலன்னா விஷயம் வேற. அப்ப உளுந்தைப் பாருங்க. ஒருவேளை மிக்ஸியில விடாம ஓட்டி மாவு சுட்டுப் போயிருக்கும், தொட்டுப் பார்த்தா வெதுவெதுப்பைத் தாண்டி சூடா இருந்துச்சுன்னா அதுதான் காரணம். மிக்ஸிக்கு ஐஸ் தண்ணி ஊத்துங்க, விட்டு விட்டு ஓட்டுங்க, உளுந்தும் மூணுக்கு ஒண்ணுன்னு கூட்டிக்கோங்க. ஏசி ரூம் பக்கத்துல மாவை வச்சவங்களும் இருக்காங்க, அதையும் ஒரு தடவை யோசிங்க.

பொங்கி வழிஞ்சு மேடை பூரா மாவு, வாயில வச்சா சுருக்குன்னு புளிப்பு

அக்னி நட்சத்திரம். வேற என்ன சொல்றது. மத்தியானம் 38, 40 அடிக்கும்போது ராத்திரியும் வீடு தணியாது, அஞ்சு மணி நேரத்துல வேலை முடிஞ்சுரும், அதுக்கப்புறம் போறதெல்லாம் புளிப்பு தான். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை தொறந்து பாருங்க, பாதி எழும்பியிருந்தாலே ப்ரிட்ஜ்ல தள்ளிருங்க, அங்கயும் கொஞ்சம் எழும்பும், காலையில சரியா இருக்கும். பாத்திரத்துல பாதிக்கு மேல மாவு ஊத்தாதீங்க, இதை எத்தனை பேருக்கு சொன்னாலும் கேக்க மாட்டாங்க.

புளிச்ச மாவை இட்லியா ஊத்தினா வெளியில தூக்கிப் போட்ட மாதிரிதான். கொஞ்சம் பச்சரிசி மாவோ ரவையோ கலந்து, சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை நறுக்கிப் போட்டு ஊத்தப்பம் ஊத்துங்க, இல்ல தாளிச்சுக் கொட்டி குழிப்பணியாரம். சோடா உப்பு போட்டு புளிப்பை மறைக்கிறது கடைக்காரங்க வேலை, வீட்டுல வேண்டாம்னு தான் சொல்லுவேன், மாவு ஒரு மாதிரி மஞ்சளடிச்சு சோப்பு வாடை வரும்.

மாவு நல்லா பொங்குச்சு, ஆனா இட்லி கல்லு

இதுல தான் நெறைய பேர் மாட்டுறாங்க. மூணு இடம் இருக்கு, வரிசையாப் பாருங்க.

மொதல்ல உளுந்து. புது உளுந்துக்கு ஒரு கொழகொழப்பு இருக்கும், அந்தப் பசைதான் காத்தைப் புடிச்சு வச்சுக்குது, பழைய உளுந்துல அது கம்மி. கிரைண்டர்ல போட்டா புதுசு பந்தாட்டம் உருண்டு எழும்பும், பழசு என்ன தண்ணி தெளிச்சாலும் அடியிலயே கிடக்கும். சோதிக்கிறது சுலபம், ஒரு கிண்ணத்துல தண்ணி வச்சு அரைச்ச உளுந்துல ஒரு சொட்டு விடுங்க, மிதந்தா சரி, முங்கினா இன்னும் அரைபடணும். இருபத்தஞ்சு முப்பது நிமிஷம் ஓட்டியும் முங்குதுன்னா உளுந்து பழசு, அப்ப நாலுக்கு ஒண்ணுங்கிறதை விட்டுட்டு மூணரைக்கு ஒண்ணுன்னு மாத்துங்க. ஐப்பசிக்கு அப்புறம் எங்க வீட்டுல இந்த அளவுதான். பங்குனியில புது உளுந்து வந்ததும் நாலரை வரைக்கும் கூட இழுக்கும், அப்பவும் பழைய அளவே போட்டா இட்லி ரொம்ப மெத்துனு ஆகி தட்டையா படுத்துரும், அதுவும் ஒரு கோளாறு தான். முழு வெள்ளை உளுந்தை விட கறுப்பு உளுந்தை வாங்கி ஊறவச்சு தோலைக் கழுவி எடுத்து அரைச்சா நல்லா காணும், வேலை தான் கூட. உடைச்ச பருப்பா வாங்கினா தோசைக்கு ஓடும், இட்லிக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

ரெண்டாவது அரிசி. இட்லிக்கு குண்டு அரிசி வேணும். நம்ம ஊர்லயே இருக்கு, ஆடுதுறை 37 குண்டு நெல்லு, சம்பாவுல ஆயிரத்தொம்பதுன்னு சொல்லுவோமே சி.ஆர். 1009, ரெண்டுமே புழுக்கி அரைச்சா இட்லிக்கு வாகா இருக்கும். (ஆடுதுறையில நெல் ஆராய்ச்சி நிலையம் 1922லேர்ந்து இருக்கு, நம்ம தட்டுல வர்ற இட்லிக்குப் பின்னாடி அந்த நெலையத்தோட நம்பர் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நெறைய பேருக்குத் தெரியாது.) சாப்பாட்டு அரிசி மிச்சமா இருக்கேன்னு சன்ன ரகம் பொன்னியைப் போட்டு அரைச்சா இட்லி ஒண்ணு வெறைச்சுக்கும், இல்ல பிசுபிசுக்கும். அரைக்கிறதும் நைஸா வேண்டாம், விரல்ல தேய்ச்சா சின்ன ரவை பதம் தட்டுப்படணும்.

மூணாவது அடுப்பு. இட்லிக் கொப்பரையில தண்ணி தளதளன்னு கொதிச்சு ஆவி வந்ததுக்கு அப்புறம் தான் தட்டு உள்ள போகணும். பச்சைத் தண்ணியில தட்டை வச்சு அடுப்பைப் பத்த வச்சா மாவு வேகறதுக்குள்ள காத்தை விட்டுட்டு உக்காந்துரும். பத்துலேர்ந்து பன்னெண்டு நிமிஷம், அதுக்கு மேல விட்டா காஞ்சு வெறைக்கும். பொங்கின மாவை அடி வரைக்கும் போட்டுக் கலக்கறதும் தப்பு, மேலாப்புல எடுத்து ஊத்துங்க, கடைசி ஈட்டுக்கு வர்ற அடி மாவு தோசைக்குப் போகட்டும்.

இட்லி தட்டோட வருது, எடுத்தா பாதி அங்கயே நிக்குது

ரெண்டு நிமிஷம் பொறுங்க, அவ்ளோதான். எறக்கின உடனே எடுக்காம தட்டை கவுத்து வச்ச மூடி மேல ஆற விட்டு, ஸ்பூனை தண்ணியில நனைச்சு எடுத்தா வரும். துணி போட்டு ஊத்துறவங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்ல, துணியை நனைச்சுப் புழிஞ்சு போடணும், எடுக்கும்போது துணிக்குப் பின்பக்கம் கொஞ்சம் தண்ணி தெளிக்கணும். பொறுத்தும் ஒட்டுதுன்னா அரிசியை நைஸா அரைச்சுருக்கீங்க, இல்ல மாவுல தண்ணி ஜாஸ்தி.

தோசை கல்லை விட்டு வர மாட்டேங்குது

நேத்து அந்தக் கல்லுல சப்பாத்தி போட்டீங்களா? போட்டிருப்பீங்க. சப்பாத்திக்குன்னு தனிக் கல்லு வைங்க, தயவு செஞ்சு. வெறுங்கல்லுல மாவு கருகி எண்ணெய்ப் பதம் போயிரும், அடுத்த நாள் மொதல் நாலு தோசை பலி. சோப்பு போட்டு கம்பி நாரால தேய்க்கிறதும் அதே கதை தான், வெந்நீரும் துணியும் போதும்.

போனது போச்சு, மீட்கிறது எப்படின்னா, கல்லை நல்லா காய வச்சு நல்லெண்ணெய் விட்டு, பாதியா வெட்டின வெங்காயத்தை முள்கரண்டியில குத்தி நல்லா தேய்ங்க, அடுப்பை அணைச்சு ஆற விடுங்க, மறுபடி காய வச்சு மறுபடி தேய்ங்க. அப்படி ரெண்டு மூணு தடவை. அப்புறம் மொதல் தோசையை மெல்லிசா ஊத்தாம கொஞ்சம் மொத்தமா ஊத்துங்க, அது ஒட்டாம வரும், கல்லும் பழகிக்கும். ரொம்ப மோசமா போச்சுன்னா ராத்திரி பூரா எண்ணெய் தடவி வச்சுருங்க. புதுசா வாங்கின இரும்புக் கல்லுக்கு ஒரு வாரமாவது இப்படி மெனக்கெடணும், முதல் நாளே பேப்பர் ரோஸ்ட் கேட்டா அது தராது.

ஒட்டலை ஆனா கரண்டி வைக்கும்போதே மாவு சுருண்டு கரண்டியோடவே வருதுன்னா கல்லு காய்ச்சல் ஜாஸ்தி. தண்ணி தெளிச்சு, அந்த சத்தம் அடங்கினதும் துணியால ஒரு இழுப்பு இழுத்துட்டு, தீயைக் குறைச்சு ஊத்துங்க, தேய்ச்சு முடிச்சதும் ஏத்திக்கலாம். ப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த ஜில் மாவையும் நேரா ஊத்தாதீங்க, அரை மணி நேரம் வெளியில கிடக்கட்டும்.

தோசை வெள்ளையாவே இருக்கு, முறுகல, செவக்கல

மாவு புளிக்கலன்னா செவக்காது. மார்கழியில வர்ற தோசை வெளுத்துப் போயிருக்கறதுக்கு காரணம் இதுதான், மாவை இன்னும் நாலு மணி நேரம் விட்டா தானா சரியாகும். அவசரத்துக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை கலந்துக்கலாம், குத்தமில்ல. நெரந்தர வைத்தியம்னா ஊறவைக்கும்போதே வெந்தயத்தோட ஒரு பிடி கடலைப்பருப்பு போடுங்க, அரிசியில கால் பங்கு பச்சரிசியா மாத்துங்க, மொறுமொறுப்பு தனியா வரும். இட்லி மாவையே தோசைக்கு ஓட்டுற வீடுதான் எல்லாம், அப்ப கொஞ்சம் தண்ணி விட்டு வேற கிண்ணத்துல கரைச்சுக்கோங்க, முழு மாவுலயும் தண்ணி ஊத்திட்டு நாளைக்கு இட்லி வரலன்னு கேக்காதீங்க.

வெண்பொங்கல் தட்டுல விழுந்த அஞ்சாவது நிமிஷம் இறுகிப் போகுது

பொங்கல் ஆறினா இறுகும், அது மாவுச்சத்தோட குணம், அதை யாராலயும் மாத்த முடியாது. நாம பண்ண வேண்டியது எறக்கும்போதே தளர்வா எறக்குறது, கரண்டியில எடுத்தா வழியணும், பார்க்க கூழாட்டம் இருக்கேன்னு பயந்தா அதுதான் சரியான பதம்.

தண்ணி அளவுல தான் விஷயம் இருக்கு. பழைய பச்சரிசின்னா அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு நாலரை அஞ்சு மடங்கு தண்ணி குடிக்கும். தை மாசி புது அரிசி அவ்ளோ குடிக்காது, மூணரை நாலு மடங்கே ஜாஸ்தி, சீக்கிரமா குழைஞ்சு கம்முனு ஒட்டிக்கும். தைப் பொங்கலுக்கு புது அரிசியில வச்ச கணக்கை வச்சுக்கிட்டு ஆவணியில பழைய அரிசியில பொங்கல் வச்சா இறுகாம என்ன பண்ணும்? அரிசியை வாங்கினதும் ஒரு தடவை சாதமா வடிச்சுப் பாருங்க, ஒட்டிக்கிட்டு வந்தா புதுசு, உதிரி உதிரியா நீண்டு வந்தா பழசு. பயத்தம்பருப்பு அரிசிக்கு கால் பங்கு போட்டா சாதம், மூணுல ஒரு பங்கு போட்டா பொங்கல், பாதி போட்டா கல்யாண வீட்டுப் பொங்கல். வாசம் வர்ற வரைக்கும் மட்டும் வறுங்க, செவக்க வறுத்தா வேக நேரம் புடிக்கும்.

இறுகிப் போச்சு, விருந்தாளி உக்காந்தாச்சுன்னா கொதிக்கிற தண்ணியை (பச்சைத் தண்ணி கூடவே கூடாது) கரண்டி கரண்டியா விட்டு சின்ன தீயில மசிச்சுக்கிட்டே வாங்க, கொஞ்சம் சூடான பாலும் சேர்க்கலாம், கடைசியில நெய். நெய்யை மொதல்லயே எல்லாம் ஊத்திட்டா அது எங்க போச்சுன்னே தெரியாது. மிளகை எல்லாரும் தட்டு ஓரத்துல ஒதுக்குறாங்கன்னா முழுசா போடாம நெய்யில பொரிச்சு ஒண்ணு ரெண்டா தட்டிப் போடுங்க, ஒதுக்கவும் முடியாது, வாசமும் கூட வரும்.

தொட்டுக்க சாம்பார் தான் வேணும்னு இல்ல. கத்திரிக்காய் கொத்சு வைங்க, சிதம்பரம் பக்கத்துக்காரங்க இதுல கில்லாடி. கும்பகோணத்துக் கடப்பா இட்லிக்கும் தோசைக்கும் தான் பேர் போனது, ஆனா பொங்கலுக்குத் தொட்டுக்கிட்டா அது தப்புன்னு எந்த சட்டமும் இல்ல. கடப்பா ஆறினதும் கெட்டியாயிடுதுன்னு ஒரு புகார் அடிக்கடி வரும், அதுல பயத்தம்பருப்பும் உருளைக்கிழங்கும் இருக்கு, ஆகத்தான் செய்யும், கொஞ்சம் வெந்நீர் விட்டு சூடு பண்ணுங்க, திரும்ப உப்பு பாருங்க.

சாம்பாருக்குப் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசிய மாட்டேங்குது

இங்கதான் நாலாவது கேள்வி, தண்ணி. வேதாரண்யம், நாகப்பட்டினம்னு கடலோரமா போகப் போக போர் தண்ணி உப்பும் கடினமுமா இருக்கும், அதுல துவரம்பருப்பு வேகறதுக்குள்ள கேஸ் தீர்ந்துரும். பருப்புக்கு மட்டும் குடிக்கிற தண்ணியைப் பயன்படுத்துங்க, கொள்ளிடத்துத் தண்ணி குழாய்ல வர்ற ஊர்னா அதைப் புடிச்சு வச்சுக்கோங்க. காபிக்கும் இதே கதை தான், கீழ சொல்றேன்.

தண்ணி நல்ல தண்ணிதான்னா பருப்பு பழசு. அரை மணி நேரம் வெந்நீர்ல ஊறவச்சுட்டு வேக வைங்க. புளித்தண்ணியும் தக்காளியும் பருப்பு மசிஞ்சதுக்கு அப்புறம் தான், புளிப்பு மொதல்ல போயிட்டா பருப்பு அதுக்கப்புறம் வேகவே வேகாது, இதைக் குக்கர்ல எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூடுறவங்க கவனிக்கணும்.

அரிசி உப்புமா களியாயிடுச்சு

அரிசியை ஒண்ணு ரெண்டா உடைக்கணும், மாவு விழுந்தா சலிச்சு எடுத்துருங்க, அந்த மாவுதான் களியாக்குது. ஒண்ணுக்கு ரெண்டரை தண்ணி, பழைய அரிசின்னா மூணு. கொதிக்கிற தண்ணியில போட்டு, ஒரு கிளறு கிளறி, மூடி, தீயைக் குறைச்சுட்டு அந்தப் பக்கமே போகாதீங்க. வெண்கலப் பானை இருந்தா அதுல பண்ணுங்க, அடியில பிடிக்கிற காந்தலுக்கு வீட்டுல சண்டையே நடக்கும். அடி பிடிக்குது என்ன பண்றதுன்னு என் நாத்தனார் மக ஓசூர்லேர்ந்து போன் பண்ணுச்சு, "அத்தை, கருகிப் போச்சு அத்தை"ன்னு, அதைச் சுரண்டி உன் வீட்டுக்காரருக்குக் குடுடின்னேன், இப்ப அந்தக் காந்தலுக்காகவே வாராவாரம் பண்ணுதாம்.

தவலை அடை உள்ள வேகலன்னா தீ ஜாஸ்தி, இல்ல மூடி போடல. வாணலியில எண்ணெய் விட்டு, மொத்தமா தட்டி, மூடி போட்டு, சின்ன தீ. பொறுமை இல்லாதவங்க இதுல எறங்க வேண்டாம்.

ரவை உப்புமா கட்டி தட்டுனா ரவையை வறுக்கல, இல்ல தண்ணி கொதிக்கல. பூரி உப்பலன்னா மாவு தளர்வு, இல்ல எண்ணெய் காயல. இடியாப்பம் புழிய கை வலிக்குதுன்னா கொதிக்கிற தண்ணியில பிசையல. இந்த மூணுக்கும் இதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.

பழையது நூல் விடுது, வாடை வருது

பழைய சோறு நம்ம பக்கம் நடவு வேலைக்குப் போறவங்களோட காலைச் சாப்பாடு, இப்ப ஓட்டல்ல மண் கலயத்துல ஊத்திக் குடுத்து காசு வாங்குறாங்க, அது வேற விஷயம். ராத்திரி மிச்சம் விழுந்தது தானேன்னு எதை வேணா தண்ணி ஊத்தி வச்சா பழையது ஆகிடாது.

சோறு முழுசா ஆறணும், சூட்டோட தண்ணி ஊத்தினா சீக்கிரம் கெடும். அதுக்காக ராத்திரி பூரா வெறும் சோத்தை வெளியில போட்டுட்டு காலையில தண்ணி ஊத்துறதும் ஆபத்து, ஆறின உடனே சோறு முங்குற அளவுக்கு நல்ல தண்ணி விட்டுடணும். புழுங்கரிசிச் சோறு தான் சரி, பச்சரிசிச் சோறு கொழகொழன்னு கரைஞ்சுரும். குழம்பு பட்ட கரண்டி, கை பட்ட சோறு, எதுவும் சேரக்கூடாது. உப்பு காலையில தான். மண் சட்டி உசத்தி, தண்ணி லேசா கசிஞ்சு குளுமையா வச்சுக்கும். மே மாசத்துல ராத்திரி தாமதமா சோறாக்கி, ஆறின உடனே தண்ணி ஊத்தி, காலையில ஏழு மணிக்குள்ள சாப்பிட்டுருங்க, மோர் விட்டுப் பிசைஞ்சு, சின்ன வெங்காயம், மோர் மிளகாய், நேத்து சுண்ட வச்ச மீன் குழம்பு.

லேசான புளிப்பு வாசம் வரணும், அது நல்லது. பிசுபிசுன்னு நூல் விட்டாலோ, மேல நிறம் மாறியிருந்தாலோ, மூக்கைச் சுளிக்கிற வாடை வந்தாலோ மாட்டுக்குக் கூட வைக்காதீங்க, கொட்டிருங்க. கழுவிச் சாப்பிடலாம், சூடு பண்ணிச் சாப்பிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கெட்ட சோத்துல உண்டாகுற விஷம் சூடு பண்ணினாலும் போகாது.

டிகாக்ஷன் இறங்கல

கடைசியில வச்சேனே தவிர காலையில இதுதான் மொதல் பிரச்சினை, காபி குடிக்காம மத்த எதையும் சரி பண்ண முடியாது.

சொட்டு சொட்டா கூட விழலன்னா பொடி ரொம்ப நைஸு, இல்ல அழுத்தி அடைச்சுட்டீங்க. பில்டருக்குன்னு கொஞ்சம் கொரகொரப்பா அரைக்கச் சொல்லணும், மேல வைக்கிற தட்டால லேசா சமன் பண்ணினா போதும். சிக்கரி கூடினாலும் தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு கம்முனு உக்காந்துரும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனைன்னு போட்டிருக்கணும், சட்டப்படி சிக்கரி 49 சதவீதம் வரைக்கும் கலக்கலாம், அதாவது பாதிக்குப் பாதி நீங்க வேருக்குக் காசு குடுக்குறீங்க. எனக்கு 80க்கு 20 தான் ஒத்து வருது, அதுக்கு மேல போனா கலர் மட்டும் தான் டிகாக்ஷன்ல இருக்கும்.

இப்ப அடைச்சுக்கிட்டு நிக்குதே என்ன பண்றதுன்னா, மேல் டம்ளரை லேசா தூக்கி கீழ இருக்கிறதோட மெதுவா தட்டுங்க, காத்து வெளிய போயி இறங்க ஆரம்பிக்கும். அதுக்கும் அசையலன்னா ஒரு ஸ்பூனால மேல் பொடியை மட்டும் கிளறி விட்டு கொஞ்சம் கொதிக்கிற தண்ணி ஊத்துங்க, கொஞ்சம் மண்டி இறங்கும், அன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கலாம்.

தினமும் இப்படின்னா ஓட்டை அடைச்சிருக்கு. பித்தளையோ எவர்சில்வரோ, மேல் டம்ளரை நல்லா கழுவிக் காய வச்சுட்டு ஓட்டைப் பக்கத்தை கேஸ் தீயில நேரா காட்டுங்க, உள்ள அடைஞ்ச பொடி கருகி உதிரும், ஆறினதும் பிரஷ்ஷால தட்டிட்டு வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, ஓட்டை எல்லாம் தெரியணும். பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளதை இப்படிக் காட்டிடாதீங்க.

மளமளன்னு இறங்கி டிகாக்ஷன் தண்ணியா இருக்குன்னா பொடி கொரகொரப்பு ஜாஸ்தி, இல்ல பொடி பத்தல, இல்ல தண்ணி கொதிக்கல. இறங்கின டிகாக்ஷனைத் திரும்ப மேல ஊத்துறது சிலர் பண்றாங்க, கசப்பு தான் இறங்கும், அதுக்குப் பதிலா பாலைக் குறைச்சு அன்னிக்குக் குடிச்சுட்டு மறுநாள் ஒரு ஸ்பூன் பொடி கூட போடுங்க. எல்லாம் சரியா இருந்தும் காபி ஒரு மாதிரி சப்புன்னு உப்புக் கரிக்குதுன்னா பொடிக் கடையை மாத்தாதீங்க, கேன் தண்ணியில ஒரு தடவை போட்டுப் பாருங்க. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை போடுறவங்களுக்கு பால் திரிஞ்சா அதைக் கொதிக்கிற பால்ல போடாம, டம்ளர்ல டிகாக்ஷனோட கரைச்சுட்டு, பாலைக் கொஞ்சம் ஆத்திட்டு ஊத்துங்க.